கழுத்துச் சவ்வுகள் கருவில் எப்படி உருவாகின்றன?

ஊர்க்கோழியைக் கறிக்கு வெட்டும்போது அதன் கழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தோலை இழுத்தால் பெரிய சிரமம் இல்லாமல் கழன்று வரும். அதற்குக் கீழே வளையம் வளையமாக இருக்கிற மூச்சுக்குழாயும் பக்கத்திலேயே மெல்லிய இரைக்குழாயும், விரலை நுழைத்துத் தள்ளினாலே எலும்பை விட்டுப் பிரிந்துவிடும். ஆனால் கழுத்தெலும்போடு ஒட்டிக்கிடக்கிற சதையை எடுப்பதென்றால் கத்தியால் சுரண்டத்தான் வேண்டும். ஏன் சில இடம் விரலுக்கே பிரிகிறது, சில இடம் கத்திக்கும் பிரிய மறுக்கிறது? இடையிலே கிடக்கிற அந்த வெள்ளைச் சவ்வைத்தான் பார்க்க வேண்டும். சில இடத்தில் அது பஞ்சாகத் தளர்ந்திருக்கும், சில இடத்தில் இறுகித் தகடாக இருக்கும்.

மனிதக் கழுத்திலும் இதே சங்கதிதான். உடற்கூற்றியல் புத்தகங்களில் இந்தச் சவ்வுகளைப் படலங்கள் என்று எழுதுவார்கள், எல்லாமே தொடுப்பிழையம், அதாவது உறுப்புகளை இணைத்துத் தாங்குகிற இழையம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுத் தாதியர் பயிற்சிக்கோ மருத்துவ பீடத்துக்கோ போகிற பிள்ளைகள் முதல் வருடத்தில் திணறுகிற இடங்களில் இது ஒன்று. குறுக்குவெட்டுப் படத்தில் நீலக் கோடு, சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று வரைந்திருக்கும், அதைப் பாடமாக்குவார்கள், சோதனை முடிந்ததும் மறந்துவிடும். கருவில் இவை எப்படி வந்தன என்று விளங்கிக்கொண்டால் அந்தக் கோடுகளைப் பாடமாக்கவே தேவையில்லை. ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: உறைகள் முதலில் செய்யப்பட்டு, பிறகு உறுப்புகள் உள்ளே வைக்கப்படவில்லை. உறுப்புகள்தான் முதலில் வருகின்றன, இடம் மாறுகின்றன, அசைகின்றன. இடையில் மிஞ்சிய இழையம் பிறகுதான் படலமாகிறது.

சரி, முதலில் கணக்கைச் சரிபார்ப்போம். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் அட்டையில் எழுதுகிற வாரம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. கருவியல் புத்தகத்தில் இருக்கிற வாரம் கருக்கட்டிய நாளிலிருந்து எண்ணுவது. இரண்டுக்கும் ஏறத்தாழ 2 வார வித்தியாசம் இருக்கும். இந்தக் கட்டுரையில் நான் வாரம் என்று சொன்னால் கருக்கட்டலிலிருந்து எண்ணிய வாரம், ஸ்கான் பற்றிச் சொல்லும்போது மட்டும் கிளினிக் கணக்கு. முதல் 8 வாரமும் முளையம், 9ஆம் வாரத்திலிருந்து முதிர்மூலவுரு. உறுப்புகளின் பயணம் பெரும்பாலும் முளையக் காலத்தில் நடந்து முடிகிறது. படலங்கள் தெளிவாகத் தெரியத் தொடங்குவது அதற்குப் பிறகு.

4ஆம் வார முளையத்தின் நீளம் அரைச் சென்ரிமீற்றர் அளவுதான். அதற்குக் கழுத்து என்று ஒன்றே இல்லை. தலை முன்னால் மடிந்து நெஞ்சில் கிடக்கிறது, முகம் வரப்போகும் இடத்துக்கு நேர் கீழே இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் பக்கவாட்டில் சில தடிப்புகள் தெரியும், அவற்றைத் தொண்டை வளைவுகள் என்பார்கள். மீனில் பூக்கள், அதாவது செவுள்கள், உருவாவதும் இதே மாதிரியான வளைவுகளிலிருந்துதான், ஆனால் மனித முளையத்தில் பூ உருவாவதில்லை, அந்த வளைவுகள் தாடை, காதுச் சிற்றென்புகள், குரல்வளை, தசைகள் என்று வேறு வழிக்குப் போய்விடுகின்றன. பிறகு இதயம் நெஞ்சுக்குள் இறங்குகிறது, தலை நிமிர்கிறது, இரண்டுக்கும் இடையில் நீண்டு வருகிற பகுதிதான் கழுத்து. ஆக, தலைக்குப் போகிறதும் நெஞ்சுக்கு இறங்குகிறதும் எல்லாம் கடந்துபோன ஒரு வழிப்பாதையில்தான் கழுத்து உண்டாகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் இலகு.

படலமாகப் போகிற மூலப்பொருள் மெசன்கைம் எனப்படும் இளம் இழையம். நட்சத்திர வடிவக் கலங்கள், அவற்றுக்கு இடையில் நீரைப் பிடித்துவைத்திருக்கிற கூழ் போன்ற பொருள், அவ்வளவுதான். அதில் தட்டு இல்லை, அடுக்கு இல்லை. இந்தக் கலங்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவையும் இல்லை. முள்ளந்தண்டை ஒட்டிய பகுதிக்கு வருபவை சோமைட்டுகள் எனப்படும் துண்டங்களிலிருந்து வருகின்றன. தொண்டை வளைவுகளில் இருப்பவற்றில் பெரும்பங்கு நரம்பு முகட்டிலிருந்து, அதாவது மூளையும் முண்ணாணும் ஆகப்போகிற குழாய் மூடும்போது அதன் விளிம்பிலிருந்து கழன்று புறப்பட்ட கலங்கள். 2005இல் எலி முளையங்களில் செய்த ஓர் ஆய்வு, இந்த நரம்பு முகட்டுக் கலங்கள் கழுத்து, தோள் தசைகள் என்போடு இணைகிற இடங்கள் வரைக்கும் போவதைக் காட்டியது. கழுத்தின் தொடுப்பிழையம் ஒரே வம்சம் இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இனி உள்ளிருந்து வெளியே வருவோம்.

ஆக உள்ளே இருப்பது முள்ளந்தண்டும் அதைச் சுற்றிய ஆழத் தசைகளும். இவை சோமைட்டுகளிலிருந்து அங்கேயே உருவாகி அங்கேயே தங்கிவிட்டவை, பெரிய பயணம் எதுவும் போகவில்லை. அவற்றைச் சுற்றி இறுகுகிற படலம்தான் முள்ளந்தண்டு முன்படலம். கோழிக் கழுத்தில் கத்தி கேட்கிற பகுதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். 4ஆம் வாரத்தின் கடைசியில் கை மொட்டு வருகிறது, கழுத்து நரம்புகள் அதற்குள் நுழைகின்றன. அப்படிப் போகிற நரம்புக் கூட்டத்தோடு இந்தப் படலமும் ஒரு குழாயாக நீண்டு அக்குள் வரை போய்விடுகிறது. கையில் சத்திரசிகிச்சை செய்யும்போது முழு மயக்கம் கொடுக்காமல் கழுத்துப் பக்கத்திலோ அக்குளிலோ ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச்செய்கிறார்களே, அந்த மருந்து இந்த உறையைச் சார்ந்துதான் பரவுகிறது.

பிரிமென்றகடும் இந்த இடத்துச் சொந்தக்காரர்தான். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற அந்தத் தசைத் தகட்டின் தொடக்கப்பகுதி 4ஆம் வாரத்தில் கழுத்துச் சோமைட்டுகளுக்கு எதிரே கிடக்கிறது. பிறகு அது கீழே போகும்போது தன் நரம்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் மூச்சு விட உதவும் பிரதான தசைக்கு நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் முண்ணாண் நரம்புகளிலிருந்து புறப்பட்டு, முள்ளந்தண்டு முன்படலத்துக்குப் பின்னால் மறைந்து இறங்கி, நெஞ்சுக்குள் நுழைந்து அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது. பித்தப்பை அழற்சியில் சிலருக்குத் தோள்முனையில் வலி தெரிவதற்கும் காரணம் இதே நரம்புதான்.

அடுத்தது நடுப்பகுதி. குரல்வளை, வாதனாளி (மூச்சுக்குழாய்), களம் (இரைக்குழாய்), தைரொயிட் சுரப்பி எல்லாம் இங்கே. இங்கேதான் பயணம் நிறைய நடந்தது, அதனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். தைரொயிட் தொடங்குவது கழுத்தில் இல்லை, நாக்கின் அடிப்பகுதியில். ஏறத்தாழ 24ஆம் நாளில் அங்கே ஒரு சிறு தடிப்பாகத் தொடங்கி, நடுக்கோட்டிலேயே கீழே இறங்கி, 7ஆம் வாரமளவில் வாதனாளிக்கு முன்னால் வந்து அமர்கிறது. இறங்கிய வழி ஒரு நுண்ணிய குழாயாகச் சிலகாலம் இருந்து பிறகு மறைய வேண்டும். முழுதாக மறையாமல் ஒரு துண்டு மிஞ்சினால், பிள்ளை வளரும்போது கழுத்தின் நடுவில் ஒரு நீர்க்கட்டி தெரியலாம், நாக்கை வெளியே நீட்டச் சொன்னால் அந்தக் கட்டி மேலே ஏறும். வைத்தியர் ஏன் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நாக்கை நீட்டச் சொல்கிறார் என்பது இப்போது விளங்கும்.

இறங்கி அமர்ந்த தைரொயிட்டைச் சுற்றி இறுகுகிற மெசன்கைம் வாதனாளி முன்படலம் ஆகிறது. அது சுரப்பியை மூடுவதோடு நிற்காமல் குரல்வளையோடும் வாதனாளியோடும் கட்டிவைக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பாருங்கள், குரல்வளை மேலே ஏறி இறங்கும், தைரொயிட்டும் அதோடு கட்டப்பட்டிருப்பதால் கூடவே ஏறி இறங்கும். தைரொயிட் வீங்கிக் கழலை இருக்கிறவர்களில் இது தெளிவாகத் தெரியும். கழுத்திலே ஒரு கட்டி விழுங்கும்போது அசைகிறதா இல்லையா என்று பார்ப்பது இன்றைக்கும் முதல் சோதனை. (கழலை என்றதும் ஒன்று சொல்லவேண்டும்: முதிர்மூலவுருவின் தைரொயிட் 3ஆம் மாதமளவிலேயே அயடீனை எடுக்கத் தொடங்கிவிடும், அதற்கான அயடீன் தாயிடமிருந்துதான் வரவேண்டும். உப்பளத்தில் அள்ளுகிற கல்லுப்பில் தானாகப் போதிய அயடீன் இராது, ஆனையிறவு பக்கத்திலேயே இருந்தாலும் கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில் அயடீன் சேர்த்த உப்பையே வாங்குங்கள்.)

வாதனாளி முன்படலம் கீழே எங்கே முடிகிறது என்று கேட்டால், நெஞ்சுக்குள் இறங்கி இதயத்தைச் சுற்றிய நார் உறையோடு கலந்துவிடுகிறது. கழுத்துச் சவ்வுக்கு இதயத்தில் என்ன வேலை என்று முதல்முறை படிக்கும்போது விசித்திரமாகத் தெரியும். இதயம் ஒருகாலத்தில் அந்தக் கழுத்திலேயே இருந்து இறங்கியது என்று தெரிந்தால் விசித்திரம் போய்விடும். இடது பக்கத்துக் குரல் நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போகாமல் நெஞ்சுக்குள் இறங்கி, பெருநாடி வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுவதும் அதே காரணத்தால்தான். நாடி இறங்கும்போது நரம்பையும் கொளுவிக்கொண்டு போய்விட்டது.

இந்த நடுப்பகுதிக்கு இரண்டு பக்கத்திலும் கரோட்டிட் உறை. உள்ளே மூன்று பேர்: தலைக்கு இரத்தம் கொண்டுபோகிற கரோட்டிட் நாடி, அதைத் திருப்பிக் கொண்டுவருகிற கழுத்து நாளம், வேகஸ் நரம்பு. நாடி மூன்றாவது தொண்டை வளைவின் நாடியிலிருந்து வருகிறது, நாளம் முளையத்தின் முன் நாளத்திலிருந்து, நரம்பு மூளையடியிலிருந்து. மூன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தாலும் ஒரே வழியால் பக்கம் பக்கமாக நீண்டதால் ஒரே உறைக்குள் அகப்பட்டுவிட்டன. அந்த உறை எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பில் இல்லை என்பதையும் கவனியுங்கள். நாடியைச் சுற்றித் தடிப்பாகவும் நாளத்தைச் சுற்றி மெல்லியதாகவும் இருக்கும், அதனால் இருமும்போதும் முக்கும்போதும் நாளம் விரிந்துகொடுக்க இடம் இருக்கிறது.

வெளிப்படலத்துக்கு வந்தால் இரண்டு பெரிய தசைகள். ஒன்று காதுக்குப் பின்னிருந்து நெஞ்செலும்புக்கு இறங்குகிற ஸ்டேர்னோமஸ்டொயிட், தலையை வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கத்தில் புடைத்துத் தெரியும். மற்றது பிடரியிலிருந்து தோளுக்கு விரிகிற ட்ரபீசியஸ். முளையத்தில் இவை இரண்டும் ஒரே தசைத் திரளாகத் தொடங்குகின்றன. பிறகு ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் விலகிப் போக, இடையில் விட்ட இடைவெளிதான் கழுத்தின் பக்கவாட்டு முக்கோணம். ஒரே திரளுக்குச் சொந்தமான நரம்பு இப்போது அந்த இடைவெளியைக் கடந்துதான் பின் தசைக்குப் போகிறது, தோலுக்குக் கிட்ட, பாதுகாப்புக் குறைவாக. அங்கே நெறிக்கட்டி எடுக்கிற சின்னச் சத்திரசிகிச்சையிலும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அவ்வளவு கவனமாக இருப்பது இந்த நரம்புக்காகத்தான்.

இந்த இரு தசைகளையும் மூடி, இடைவெளியையும் கடந்து, கழுத்து முழுவதையும் ஒரு படலம் சுற்றிவருகிறது என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் 2005இல் வந்த ஓர் ஆய்வு, உடல்களைப் பிளாஸ்டிக் ஊட்டி மெல்லிய தகடுகளாக வெட்டிப் பார்த்துவிட்டு, இரு தசைகளுக்கும் இடையில் தொடர்ச்சியான படலம் இல்லை, தளர்ந்த இழையம்தான் இருக்கிறது என்றது. அது பற்றிய வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கரு உருவாகும் முறையைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை, தசை இருக்கிற இடத்தில் அதைச் சுற்றி இறுகும், தசை விலகிய இடத்தில் தளர்ந்தே கிடக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, தோலுக்கு நேர் கீழே, கொழுப்போடு கலந்த தளர்ந்த படலம். அதற்குள் பிளாட்டிஸ்மா என்ற தாள் போன்ற தசை இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வாயின் ஓரங்களைக் கீழே இழுத்தால் கழுத்தில் நரம்பு நரம்பாகத் தெரிவது அதுதான். இது இரண்டாவது தொண்டை வளைவிலிருந்து வந்து கழுத்தின் மேல் பரவியது, ஆகவே கழுத்தில் கிடந்தாலும் முகத்து நரம்புதான் அதை இயக்குகிறது. அதே இரண்டாவது வளைவு 5ஆம் வாரத்திலிருந்து கீழ்நோக்கி வளர்ந்து, மற்ற வளைவுகளுக்கு இடையிலிருந்த பள்ளங்களை மூடிவிடும். சரியாக மூடாமல் ஒரு பை மிஞ்சினால் கழுத்தின் பக்கத்தில் நீர்க்கட்டியாகப் பின்னாளில் தெரியும். முன்னால் சொன்ன தைரொயிட் கட்டி நடுக்கோட்டில், இது பக்கத்தில். 2009க்குப் பிறகு உடம்பில் ஷெல் துண்டுகளோடு வாழ்கிறவர்கள் வன்னியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒன்று: கழுத்தில் காயம் என்றால் வைத்தியர்கள் முதலில் பார்ப்பது அது பிளாட்டிஸ்மாவைத் தாண்டிப் போயிருக்கிறதா என்பதைத்தான். தாண்டினால் உள்ளே நாடியும் குழாயும் இருப்பதால் அது ஆழமான காயம்.

சரி, இவ்வளவும் இடத்துக்கு வந்துவிட்டன. தளர்ந்த மெசன்கைம் படலமாக மாறுவது எப்படி? 9ஆம் வாரத்துக்குப் பிந்திய கழுத்தைக் குறுக்காக வெட்டி, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தசைகள், நாடிகள், நரம்புகள் எல்லாம் அடையாளம் தெரியும், ஆனால் புத்தகத்தில் இருக்கிற கோடுகள் தெரியாது. இடைவெளி முழுக்க ஒரே தளர்ந்த இழையம். வாரங்கள் போகப் போக அதில் சில கலங்கள் நார் சுரக்கத் தொடங்குகின்றன. கொலாஜன் நார்கள் சேரச் சேர, இழுவை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்கு அவை ஒழுங்குபடும். தசை பருத்து அக்கம்பக்கத்தை அழுத்துகிறது, நாடி ஓயாமல் துடிக்கிறது, 3ஆம் மாதமளவில் பிள்ளை பன்னீர்க்குடத்து நீரை விழுங்கவும் தொடங்கிவிடுகிறது. விழுங்கும் ஒவ்வொரு தடவையும் குரல்வளையும் களமும் முள்ளந்தண்டுக்கு முன்னால் வழுக்கி ஏறி இறங்கவேண்டும். உராய்வும் அழுத்தமும் உள்ள ஓரங்களில் இழையம் இறுகித் தகடாகிறது, வழுக்கல் தேவைப்படுகிற இடையில் தளர்ந்தே இருக்கிறது. எல்லாப் படலமும் ஒரே காலத்தில் தெளிவதில்லை, எல்லாரிலும் ஒரே மாதிரி அமைவதுமில்லை. தொண்டைக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய இறகுப் படலம் வளர்ந்தவர்களிலும் ஆளுக்காள் வேறுபடும்.

அந்தத் தளர்ந்த இடைவெளிகள்தான் பின்னாளில் ஆபத்தையும் கொண்டுவருபவை. வயலில் தண்ணீர் நிற்பதும் ஓடுவதும் வரம்பைப் பொறுத்தது, வரம்பு இருக்கிற பக்கம் தேங்கும், வாய் வெட்டியிருக்கிற பக்கம் அடுத்த வயலுக்குப் பாயும். கழுத்தில் சீழ் கட்டினாலும் இதுதான் நடக்கும். இறுகிய படலம் அதைத் தடுக்கும், தளர்ந்த இடைவெளி கீழே இறங்க விடும். களத்துக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையிலுள்ள ஓர் இடைவெளி மண்டையோட்டு அடியிலிருந்து நெஞ்சின் மேற்பகுதி வரை போகிறது. அதற்குப் பின்னால் இருக்கிற இன்னொன்று பிரிமென்றகடு வரைக்கும் போகிறது, அதற்கு ஆபத்து வெளி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பல்லில் தொடங்கிய கிருமி நெஞ்சுக்குள் இறங்குகிற கதை இப்படித்தான். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் தொண்டைக்குப் பின்னால் நிணநீர்க் கணுக்கள் இருப்பதால், சாதாரண தொண்டை நோவுக்குப் பிறகும் அங்கே சீழ் கட்டலாம். காய்ச்சலோடு பிள்ளை எச்சிலை விழுங்க மாட்டாமல் வழியவிடுகிறது, கழுத்தைத் திருப்ப மறுக்கிறது, மூச்சில் சத்தம் கேட்கிறது என்றால் துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்துகொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கக்கூடாது, விடியட்டும் என்று இருக்கவும் கூடாது. 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

ஸ்கான் பற்றியும் கொஞ்சம். கிளினிக் கணக்கில் 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை, பிள்ளையின் உச்சியிலிருந்து இருக்கை வரை நீளம் 45 முதல் 84 மில்லிமீற்றர் இருக்கும்போது, பிடரித் தோலுக்கும் உள்ளிருக்கிற இழையத்துக்கும் இடையில் தேங்கியிருக்கிற நீரின் தடிப்பை அளக்கலாம். எல்லாப் பிள்ளையிலும் கொஞ்சம் நீர் இருக்கும், ஏனென்றால் அந்தக் காலத்தில் அங்குள்ள இழையம் தளர்ந்தது, கழுத்தின் நிணநீர்ப் பைகள் நாளத்தோடு இணைந்து நீரை வடிக்கும் ஒழுங்கும் அப்போதுதான் அமைந்துவருகிறது. 3.5 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் நிறமூர்த்தக் கோளாறோ இதயக் குறைபாடோ இருக்கலாமா என்று மேலும் பார்ப்பார்கள். அந்த அளவு ஒரு நோயின் பெயர் இல்லை. அளவு கூடியும் சுகதேகியாகப் பிறக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆகவே அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் அழுதுகொண்டிராமல் அடுத்த பரிசோதனைக்குப் போவதுதான் முறை.

பிறந்த பிறகும் கழுத்து முடிந்த வேலை இல்லை. கைக்குழந்தையின் கழுத்து கட்டை, தலை நிற்பதற்கே 3, 4 மாதம் எடுக்கும், தசையும் படலமும் அந்த உழைப்பில்தான் உறுதியாகின்றன. சில பிள்ளைகளில் பிறந்து சில வாரத்தில் ஸ்டேர்னோமஸ்டொயிட் தசையில் ஒரு சிறு கட்டி தட்டுப்படும், தலை அந்தப் பக்கம் சரிந்து மோவாய் மறுபக்கம் திரும்பியிருக்கும். தசை இருக்கவேண்டிய இடத்தில் நார் இழையம் கூடிவிட்டதால் அது இறுகி, நீள மறுக்கிறது. எண்ணெய் போட்டு உருவினால் போய்விடும் என்று விட்டுவிடாமல் முதல் மாதங்களிலேயே காட்டினால், இயன்மருத்துவர் சொல்லித்தருகிற நீட்டல் பயிற்சியால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடும். வீட்டிலே செய்யக்கூடியதும் உண்டு: பிள்ளை விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு குப்புறக் கிடத்துங்கள், எந்தப் பக்கம் திரும்ப மறுக்கிறதோ அந்தப் பக்கம் நின்று கூப்பிடுங்கள், கிலுக்கையும் அந்தப் பக்கமே ஆட்டுங்கள்.